எட்டு வாட் சிவப்பு

ஏழு பத்துக்குக் கரண்ட் போனது.
முதலில் உவர்மலை, பிறகு கடற்கரைப் பக்கம்,
பிறகு கடைத்தெரு,
யாரோ விரல் நுனியால் ஒவ்வொன்றாய் நசுக்கியதுபோல.
சந்தியில் மட்டும்
சிவப்பு நின்றது.

அதை நிற்கவைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

தகரப் பெட்டிக்குள் இரண்டு பற்றறி.
புதிதில் எட்டு மணித்தியாலம் தாங்கியவை,
இப்போது மூன்று; மாரியில் அதுவும் பொய்.
உப்புக்காற்று முனைகளில் பச்சையாய்ப் பூக்கும்.
சுடுதண்ணீர் ஊற்றி, பழைய பிரஷ்ஷால் தேய்த்து,
கிரீஸ் தடவி மூடுவேன்.
(பழையது என்று நான்தான் நினைத்தேன்.
மனைவி அதை ஒரு கிழமையாய்த் தேடினாள்.)
புதுப் பற்றறி கேட்டு மூன்று கடிதம் எழுதினேன்.
கொழும்பிலிருந்து வந்த பதில்
என் கடிதத்தின் திகதியைத் திருத்தியிருந்தது.

எட்டு நாற்பது.
மீற்றரில் பதினொன்று தசம் நாலு.
பத்து தசம் எட்டுக்குக் கீழே இறங்கினால்
பெட்டி தானாகவே செத்துவிடும்.
கின்னியாவில் நசூர்தீனிடம் வள்ளத்துப் பற்றறி உண்டு.
"இரவைக்குக் கடலுக்குப் போறன் மச்சான்,
விடிய வந்து எடு" என்றான்.
விடிய எனக்கு எதற்கு?

சார்ஜன்ட் விமலசிறி தொப்பியைக் கழற்றி
நெற்றியைத் துடைத்தார். ஒன்பதுக்கு டியூட்டி முடியும்.
"லைட் இருக்குத்தானே தம்பி. நான் போறது."
இருக்கு என்றேன்.
எவ்வளவு நேரத்துக்கு என்று அவர் கேட்கவில்லை.

இதே இடத்தில் ஒரு காலம் மணல் மூட்டைகள்.
நிற்பதற்கு அன்று விளக்கு வேண்டியிருக்கவில்லை.
சைக்கிளை விட்டு இறங்கி உருட்டினோம்,
பையைத் திறந்து காட்டினோம்,
ஒரு தலையசைப்பு வரும்வரை
வெயிலில் எங்கள் பச்சைக்குக் காத்திருந்தோம்.
சிலருக்கு அது வரவேயில்லை.

இன்றைக்குப் பெட்டிக்குப் பின்னால் குந்தியிருந்து பார்க்கிறேன்.
இருட்டைப் பிளந்துகொண்டு ஒரு மோட்டார் சைக்கிள்.
குறுக்கே ஒருவரும் இல்லை. பொலிஸும் இல்லை.
பின்னால் கட்டிய ஐஸ் பெட்டியிலிருந்து
தண்ணீர் சொட்டுகிறது.
நிற்கிறான்.
ஒரு காலை ஊன்றி,
எட்டு வாட் சிவப்புக்கு முன்னால்
மூக்கைச் சொறிந்துகொண்டு,
இருபத்தெட்டு எண்ணி முடியும்வரை நிற்கிறான்.

பதினொன்று தசம் ஒன்று.

செய்யவேண்டியது தெரியும்.
மற்றதையெல்லாம் அணைத்து
மஞ்சளை மட்டும் மின்னவிட்டால்
நள்ளிரவு தாண்டியும் இழுக்கும்.
சட்டப்படி சரி.
மஞ்சள் என்றால் அவரவர் பாடு.
கை சுவிட்சுக்குப் போனது.

அப்போதுதான் கோட்டைப் பக்கமிருந்து மான்கள் வந்தன,
ஐந்தாறு, வாழைப்பழத் தோல் தேடி.
எந்த நிறத்திலும் கடப்பவை அவை,
நடுச்சந்தியில் நின்று காதை ஆட்டுபவை.
சீனக்குடாவிலிருந்து மா லொறி ஒன்று
இறக்கத்தில் உருண்டு வந்து,
சிவப்பைக் கண்டு,
நீளமாய் ஒரு மூச்சு விட்டு நின்றது.
மான்களை அவன் கண்டது நின்ற பிறகு.
ஹோர்ன் அடிக்கவில்லை.

கையை எடுத்தேன்.
என்னுடைய பட்டா வாகனத்தின் பொனற்றைத் திறந்து
பதினேழாயிரத்துக்கு இரண்டாம் கையாய் வாங்கிய பற்றறியைக்
கழற்றித் தூக்கிவந்து
மற்ற இரண்டுக்கும் பக்கத்தில் இருத்தினேன்.
சிவப்புக் கம்பி சிவப்போடு, கறுப்பு கறுப்போடு.
ஒரு பொறி. பிறகு பன்னிரண்டு தசம் இரண்டு.
பூட்டு இரண்டு போட்டேன்.
இந்த ஊரில் பற்றறிக்குக் கால் உண்டு.

வீட்டுக்கு இரண்டு மைல் நடை.
முதல் அடியிலேயே நடப்போருக்குச் சிவப்பு.
ஒரு வாகனமும் இல்லை.
நின்றேன்.

போன் அடித்தது.
வாகனம் ஸ்டார்ட் ஆகாது, நடந்து வாறன் என்றேன்.
கொஞ்சநேரம் பேச்சில்லை.
"அந்தப் பிரஷ்ஷும்
அங்கதான் கிடக்கோ?"